ஆறு மில்லிமீட்டர்

குழப்பமில்லை என்றார் டாக்டர்.
மலையாளத்தில் அதற்கு, பயப்பட ஒன்றுமில்லை என்று பொருள்.
புளியரைக்காரிக்கு இது தெரியாதா?
லாரி எடைமேடையில் பதினாறு வருசம்
இரண்டு பாஷையிலும் ஏச்சு வாங்கியவள்.
ஆனாலும் காதுக்குள் நுழையும்போது
அந்தச் சொல் தமிழாகிவிட்டது.

வலது பக்கம் கீழ்மடலை எடுத்து எட்டு மாதம்.
மிச்சமிருப்பதில் இப்போது ஆறு மில்லிமீட்டர்.
தழும்பாக இருக்கலாம்.
பழைய சளியாக இருக்கலாம்.
மூன்று மாதம் கழித்து இன்னொரு ஸ்கேன்.
பேனாவைத் திறந்தவர்
எதுவும் எழுதாமல் மூடினார்.

என் மேடையில் இருபது கிலோவுக்குக் கீழே
எதுவும் காட்டாது.
வைக்கோல் பாரத்தின்மேல் காக்கா உட்கார்ந்தாலும்
எழுந்து போனாலும்
அதே எண்தான்.

ரயிலில் மாடத்தி கவரைப் பிரித்து
ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள், தலைகீழாக.
"எங்கக்கா இருக்கு?"
வாழைத்தண்டு நறுக்கியதுபோல் இருபது வில்லை நான்.
எல்லா வில்லைக்குப் பின்னாலும்
தென்மலைத் தேக்குகள் ஓடின.

ஆரியங்காவுக் குகைக்குள் பிள்ளைகள் கூச்சல்.
அந்த வயதில் நாங்கள்
குகை முடியும்வரை மூச்சுப் பிடிப்போம்.
தோற்றவள் கடலைமிட்டாய் வாங்க வேண்டும்.
காலையில் மெஷினுக்குள் ஒரு பதிவுக்குரல்
சுவாசம் பிடிக்கச் சொன்னபோதும்
மிட்டாய்தான் ஞாபகம் வந்தது.
இப்போது பிடிக்கவில்லை.
இருட்டில், எல்லோருக்கும் நடுவில்,
எண்ணக் கூடாது எண்ணக் கூடாது என்று
எண்ணிக்கொண்டே விட்டு வாங்கினேன்.

பகவதிபுரத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு
ஆனிக் காற்று ஏறியது.
அந்தப் பக்கம் மழையை இறக்கிவிட்டுச்
சும்மா வரும் காற்று.
செக்போஸ்டில் அதை யாரும் நிறுத்துவதில்லை.

"என்ன சொல்லுதாவ?" என்றார் பூலுடையார், அடுப்படியிலிருந்து.
"குழப்பமில்லையாம்."
"அப்பச் சரி" என்றவர்
களைந்த அரிசியை மறுபடியும் களைந்தார்.
பிறகு இன்னொரு முறை.

ஆஸ்பத்திரியில் கொடுத்த ஊதல் டப்பாவில்
மூன்று நீலப் பந்துகளையும்
சின்னவன் ஒரே இழுப்பில் ஏற்றிக் காட்டினான்.
எனக்கு இரண்டு.
மூன்றாவது அடியில் கிடந்து
லேசாக ஆடியது, ஆடவில்லை என்றும் சொல்லலாம்.

காலண்டரில் புரட்டாசித் தாளைத் தூக்கிப் பார்த்தேன்.
கோட்டைவாசல் லாட்டரிக் கடை விளம்பரம்.
ஒரு யானை,
கீழே வெறும் கட்டங்கள்.
தாளை விட்டேன்.

காலை ஆறு மணிக்கு ஷிப்ட்.
முதல் வண்டி பெரும்பாலும் வைக்கோல்.