அறுபத்தொரு வாரம்

பழைய நாள்காட்டியின் முதுகில்
பென்சிலால் கட்டம் போட்டேன்.
மறுபக்கம் மளிகைக்கடை கொடுத்த முருகன்.
அழுத்தினால் அவர் நெற்றியில் பதியுமென்று
மெல்ல எழுதினேன்.

கல்லூரி நுழைவுத் தேர்விலிருந்து
பின்னோக்கி எண்ணினால் அறுபத்தொரு வாரம்.
தைப்பூசத்துக்கு ஒன்று கழி.
சீனப் புத்தாண்டுக்குக் கீழ்மாடிப் பட்டாசில்
எப்படியும் ஒன்று போகும்.
தீபாவளிக்கு ஒன்றரை.
புகைமூட்டம் வந்தால் தலை வலிக்கிறதென்பான்,
அதற்கும் ஒன்று எடுத்துவைத்தேன்.
எனக்கு இரவு ஷிஃப்ட் வரும் வாரங்களைக்
கழிக்கவில்லை.
கழித்தால் மிச்சம் பத்தாது.

கிஷேந்திரன் பள்ளியை விட்டு இரண்டு வருஷம்.
ஏனென்று கேட்பவர்களுக்கு
லிஃப்டில் ஒரு பதிலும் கோயிலில் ஒரு பதிலும்
வைத்திருக்கிறேன். இரண்டும் உண்மைதான்.
வீட்டில் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

தேர்வுப் படிவத்தில் பள்ளியின் பெயர் கேட்ட இடத்தில்
'ஆயர் ஈத்தாம், பதினான்காவது மாடி' என்று
எழுதப் போனான்.
கோடு போடு, போதும் என்றேன்.
போட்டான். நீளமாக.

சௌராஸ்தா சந்தை மாடியில்
எட்டு ரிங்கிட்டுக்குக் கிடைத்தது புத்தகம்.
கடைசி இருபது பக்கம் இல்லை.
விடை இருந்தால் பதினெட்டு என்றார் கடைக்காரர்.

பாயான் லெப்பாஸில் பதினேழு வருஷமாகச்
சில்லுகளைச் சோதிக்கிறேன்.
ஆயிரத்தில் எத்தனை பழுது,
எந்தப் புள்ளி கோட்டைத் தாண்டினால்
இயந்திரத்தை நிறுத்த வேண்டும்,
தூக்கத்தில் தட்டிக் கேட்டாலும் சொல்வேன்.

அட்டவணையைச் சுவரில் ஒட்டினேன்.
மைலோவை ஊதிக்கொண்டே படித்தான்.
"புள்ளியியலுக்குப் பதினோரு வாரம்.
சார்புகளுக்கு இரண்டு.
முக்கோணவியல்..."
விரல் கீழே கீழே தேடிப் போனது.
"தீபாவளி வாரத்துலயா?"

எது எவ்வளவு வருமென்று அவனுக்குத் தெரியும்.
மாதிரித் தாள்களை எண்ணி வைத்திருக்கிறான்.
எனக்கும் தெரியும்.
ஐந்தாம் படிவத்தில்
கூடுதல் கணிதத் தாளைப் பாதி வெள்ளையாகக் கொடுத்துவிட்டு
பஸ் ஏறாமல் கொம்தார் வரை நடந்தவள் நான்.
இருபத்தைந்து வருஷம் கழித்து
அந்த வெள்ளையைத்தான் கட்டம் போட்டுச்
சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

"உனக்கு வராததெல்லாம்
எனக்கும் வராதாம்மா?"

கோபமாகக் கேட்கவில்லை.
கோபமாகவே கேட்டிருக்கலாம்.

கத்தரிக்கோலை எடுத்தான்.
திருப்பிப் பார்த்து, முருகனைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு
வாரம் வாரமாக வெட்டினான்.
வேல் மூன்று துண்டானது.
மயிலின் கால் ஜூலைக்குப் போயிற்று.
பதினோரு வாரமும் இப்போது சார்புகளுக்கு.
முக்கோணவியல் சித்திரையிலேயே தொடங்குகிறது.
புள்ளியியலுக்கு இரண்டு.
"அது நீ சோறு போடறப்ப கேட்டுக்கறேன்."

இன்று காலை ஏழு இருபது.
கம்பெனி பஸ் இறக்கிவிட்டு,
லிஃப்ட் ஒன்பதில் நின்று யோசித்து,
வீடு வந்து சேர்ந்தேன்.
அவன் கதவு சாத்தியிருக்கிறது.
மேசையில் கவிழ்த்த ஒரு தாள், மேலே சின்னத் துண்டு:
'பதினாறாவது கணக்கு. சரியான்னு தெரியல.
பார்க்காம நீயும் போடு.'

ஒரு காலில் சப்பாத்து, ஒரு காலில் இல்லை.
தண்ணீர் கொதித்து அடங்கி மறுபடி கொதித்தது.
இரண்டு முறை அடித்து எழுதினேன்.
எனக்கு வந்தது ஏழு.

அவன் தாளைத் திருப்பினேன்.
மைனஸ் ஏழு.

விடைப்பக்கம் இந்நேரம்
எவர் வீட்டில் எந்தப் பொட்டலத்தின் உள்ளுறையோ.
இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து
மேலிருந்து விரல் ஓட்டிக்கொண்டு வருகிறேன்,
பழுதான சில்லைத் தேடுகிற அதே விரல்.

நாலாவது வரி வரைக்கும்
ஒன்றாகத்தான் வந்திருக்கிறோம்.