பூச்சியத்துக்குக் கீழே

காலை ஆறரை. மாலை ஐந்தரை.
பாலத்தின் மூன்றாம் தூணில் அறைந்திருக்கும்
அளவுகோலைப் பார்த்து எழுதுவது என் வேலை.
திணைக்களம் தந்த பதிவேட்டில்
திகதி, நேரம், அடி, அங்குலம், கையொப்பம்.
கனகராயன் ஆற்றுக்கு
அரசாங்கம் ஒதுக்கியது ஐந்து கட்டம்.

நீர்நாய்க்குக் கட்டமில்லை.
அதனால் ஓரத்தில் எழுதத் தொடங்கினேன்.
கார்த்திகை பதினொன்று. நாலடி ஏழங்குலம். கலங்கல்.
மருத வேரடியில் நீர்நாய் இரண்டு;
ஒன்று விராலைத் தின்று
தலையைக் கல்லில் வைத்துவிட்டுப் போனது,
மிச்சக் காசு வைப்பதுபோல.
தை மூன்று. இரண்டடி. தெளிவு.
பாசிக்குள் கெளிற்றுக் குஞ்சுகள்,
இப்போதே மீசை.
பங்குனி. ஒன்பதங்குலம்.
கரைமணலில் பஞ்சுருட்டான் பொந்து பதினேழு.
ஒன்றில் உடும்பு புகுந்தது. பதினாறு.

"ஆற்றைக் கேட்டால்
மிருகக்காட்சிசாலை எழுதியிருக்கிறாய், பிள்ளை"
என்றார் ரி.ஓ. சிவகடாட்சம்.
அழிக்கச் சொல்லவில்லை.
வாசித்தபடி தேத்தண்ணியை ஆறவிட்டார்.

ஒன்று சொல்லவேண்டும், சொல்லக் கூசுகிறது.
இந்தக் கரையில் மண்டையோட்டுப் பலகை நின்ற காலம்
ஆற்றுக்கு நல்ல காலம்.
கண்ணிவெடிக்குப் பயந்து நாங்கள் வரவில்லை.
நீர்நாயின் பாரத்துக்கு அது வெடிக்காது.
சிவப்பு நாடாவுக்கு அப்பால்
அவை குட்டி போட்டன,
குட்டிக்கு நீந்தப் பழக்கின.
பலகையைப் பிடுங்கிய அன்று கைதட்டினோம்.
ஒற்றைக்கால் என் தம்பிதான் பலமாகத் தட்டினான்.
அடுத்த மாதம் டிப்பர் இறங்கியது.

மாரி முடிந்தபின் ஆறு படுத்திருப்பது
மணலுக்குள்ளே.
ஆடியில் யானை வந்து காலால் கிளறி
ஊறும்வரை நிற்கும்.
அது குடித்த குழியில் மரை குடிக்கும்,
பிறகு மயில், பிறகு தேனீ,
பிறகு பள்ளிக்கூடம் விட்டு வரும் பெட்டையின் போத்தல்.
ஒரு கியூப் மணலுக்குள் எத்தனை குடமென்று
எந்தப் பெர்மிட்டிலும் எழுதியிருப்பதில்லை.

நிரூசன் அயல்வீட்டுப் பெடியன்.
உழவு மெசின் லீசிங்கில்;
மாதம் பிறந்தால் நெஞ்சிடி.
ஓரிரவு இரண்டு மணிக்குப் படலையைத் தட்டினான்.
சாரத்தை மடித்து ஏந்தியிருந்தான்.
"அக்கா, இதென்ன முட்டை?"
பாலாமை. பதினொன்று. ஒன்று நசுங்கியிருந்தது.
டோர்ச் வெளிச்சத்தில் மற்றக் கரையில் புதைத்தோம்.
மேல்மணலை அவன்தான் கையால் தடவி விட்டான்,
காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தடவுவதுபோல.
பிறகு மெசினை ஸ்டார்ட் பண்ணி
மிச்ச லோட்டை ஏற்றப் போனான்.
முட்டையை எழுதினேன்.
பெயரை எழுதவில்லை.

இந்தப் புரட்டாதி
அளவுகோலின் பூச்சியம் அந்தரத்தில் நிற்கிறது.
அதற்குக் கீழே தூணின் அத்திவாரம்,
பல் கழன்ற முரசுபோல.
அதற்கும் கீழே பச்சையாய்க் கொஞ்சத் தண்ணீர்.
ஆறு இருக்கிறது. அளவுகோலில் இல்லை.
முன்பிருந்தவர் இப்படி வந்தால்
'வரட்சி' என்று எழுதிக் கையொப்பம் வைப்பாராம்.
வரட்சி இல்லை இது.
வரட்சிக்கு டயர் தடம் இருக்காது.
இரண்டடி ஐந்தங்குலத்துக்கு முன்னால்
ஒரு கழித்தல் குறி போட்டேன்.
பேனை அழுந்தி அடுத்த தாளிலும் விழுந்தது.

நேற்று ரி.ஓ. போன் எடுத்தார்.
வழக்குப் போடுகிறார்களாம், பதிவேடு வேண்டுமாம்.
"போட்டோக்கொப்பி எடுக்கேக்கை
ஓரத்தை வெட்டிப்போடாதை."
நிரூசனைப் பற்றிக் கேட்பார்களா, தெரியாது.
கேட்டால் என்ன சொல்வேன், அதுவும் தெரியாது.

இன்று காலை ஆறரை. மேகமூட்டம்.
மற்றக் கரையில் மணல் அசைந்தது.
ஒரு ரூபாய்க் குற்றியளவு முதுகு,
அதன் பின்னால் இன்னொன்று.
தண்ணீர் தூரப் போய்விட்டது அவற்றுக்குத் தெரியாது;
நேரே பள்ளத்துக்குள் இறங்குகின்றன.
ஒன்பது எண்ணிவிட்டேன்.
கண்டி வீதியில் வவுனியா பஸ் ஹோர்ண் அடிக்கிறது.
பதிவேடு கக்கத்தில்.
பத்தாவது இன்னும் வரவில்லை.