ஒரு நிறுத்தம் தள்ளி

ஊலு நகரத்தில் ஜனவரி மாதக் காலை ஏழு மணி என்பது
கடிகாரம் மட்டுமே நம்புகிற சங்கதி.
வாசலில் இன்னும் நடுராத்திரிதான் நிற்கிறது.

இரவுப் பணி முடிந்து துயிரே வருவாள்.
அவள் பூட்ஸைக் கழற்றக் கழற்ற
நான் என்னுடையதை மாட்டிக்கொள்வேன்.
காதுவலி பரவாயில்லை, கஞ்சி பாதி மிச்சம்,
நீல ஸ்வெட்டர்தான் வேண்டுமாம், அது ஈரம்.
ஞாபகம் இருந்தால் ஒரு முத்தம்.
பிறகு ஆற்றுக்கு நடப்பேன்,
துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு.

காப்பகத்தில் நான் ஊர்ஹோவின் அப்பா.
பல் மருத்துவர் வரவேற்பறையில் ஊர்ஹோவின் அப்பா.
மணல்தொட்டி ஓரமாக மூன்று வருடம் பேசியிருக்கிறோம்,
சைமியின் அப்பாவும் நானும்;
அவர் பெயர் எனக்கும் தெரியாது.
இல்போ என்று என்னைக் கடைசியாக அழைத்தது
வருமான வரி அலுவலகம்.

குறை சொல்லவில்லை.
அந்தப் பட்டத்தைப் பிடுங்க யாராவது வந்தால்
கடித்துவைப்பேன்.
ஆனாலும்
சவர அலமாரியில் பிளாஸ்டிக் திமிங்கலம்,
கோட்டுப் பையில் பாதி கடித்த பிஸ்கட்,
நான் விட்ட இடத்தைக் காட்டும் தடுப்பூசி அட்டை
இரண்டு வருடமாக அதே நாற்பத்தொன்றாம் பக்கத்தில்.
துறைமுகத்தில் கிரேன் கூண்டுக்குள்
நாற்பது மீட்டர் உயரத்தில் தனியாகத்தான் உட்கார்கிறேன்;
கண்ணாடியில் அவன் ஒட்டச்சொன்ன தவளை
எல்லாக் கப்பலுக்கும் முன்னால் வந்து நிற்கிறது.
என் வாழ்க்கையில் என்னை எங்கே எடுத்துவைத்தோம் என்று
சில நாள் தேடவேண்டியிருக்கிறது,
விருந்துக்கு மட்டும் எடுக்கிற கரண்டிபோல.

உறைந்த ஆற்றில் ஒரு சதுரம் வெட்டியிருக்கிறார்கள்.
விட்டால் ஒரே இரவில் மூடிக்கொள்ளும்.
அதனால் அடியில் ஒரு பம்பு
யாரும் இல்லாதபோதும்
தண்ணீரைக் கலக்கியபடி ஓடுகிறது.
மரப்படி. ரப்பர் விரிப்பு.
கம்பளித் தொப்பியோடு மிதக்கும் இரண்டு மூன்று தலைகள்.
"இன்றைக்கு மைனஸ் பத்தொன்பது" என்கிறது ஒன்று.
அதற்கு மேல் யாரும் யாரையும் கேட்பதில்லை.

இறங்கியதும் மூச்சு என்னை விட்டுவிட்டு ஓடும்.
துரத்தக் கூடாது, தானாகத் திரும்பும்.
திரும்பிய பிறகு
விரல் இருக்கிறது. முழங்கால் இருக்கிறது.
பதினேழு வயதில் சைக்கிளிலிருந்து விழுந்த தோள்
இருக்கிறேன் இருக்கிறேன் என்கிறது.

போன செவ்வாய்க்கிழமை
எதிர்க்கரையில் ஒரு விளக்கு
அணைவதும் எரிவதுமாக இருந்தது.
அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.
படியேறித் துவட்டும்போதுதான் உறைத்தது.
எனக்கொரு மகன் இருப்பதையே மறந்துபோயிருந்தேன்.
இரண்டு நிமிடம் இருக்கும்.

குளிரைவிட அது நடுக்கியது.
ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்து,
தூக்கம் வழியும் துயிரேயிடம் ஒப்புக்கொண்டேன்,
சம்பளத்தைத் தொலைத்துவிட்டு வந்தவன் மாதிரி.
அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
"நான் தினமும் மறக்கிறேன்.
பஸ்ஸில். ஆஸ்பத்திரி வாசலிலிருந்து பாலம் வரைக்கும்.
உன்னையும் சேர்த்துத்தான்.
ஒருநாள் வேண்டுமென்றே
ஒரு நிறுத்தம் தள்ளி இறங்கினேன்."
கொட்டாவி விட்டாள்.
"நடந்து வந்துவிட்டேனே."

அன்று சாயங்காலம்
சாப்பாட்டு மேஜையைச் சுற்றிப் போர்வையைத் தொங்கவிட்டு
உள்ளே போய்விட்டான் ஊர்ஹோ.
"வராதே அப்பா. நான் இங்கே இல்லை."
சரி என்றேன்.
திமிங்கலத்தோடு ஏதோ முணுமுணுப்பு,
நடுவில் ஒரு சிரிப்பு,
எனக்குச் சம்பந்தமே இல்லாத சிரிப்பு.
எட்டிப் பார்க்கத் துடித்த கழுத்தை
பிடித்து நிறுத்துவது சுலபமாக இல்லை.

தரையில் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தேன்.
கதையில் யார் யார் என்பது மறந்திருந்தது.
இருந்தாலும் நாற்பத்திரண்டாம் பக்கம்.
பாதியில்
போர்வைக்கடியிலிருந்து ஒரு பாதம் நீண்டுவந்து
என் முழங்காலில் பட்டு நின்றது.
பாதம் மட்டும்தான்.
அவன் இன்னும் வந்திருக்கவில்லை.