ஏழாவது வாய்க்கால்

கஞ்சிக்கோட்டில் மார்ச். வெளியே நாற்பத்தொன்று.
குளிரூட்டும் சோதனை அறையில் ஏ.சி. ரிப்பேர்.

சில்லின் முதுகில் செப்புத் தகடு, அதில்
இரண்டு தலைமுடி அகலத்தில் இருபத்திரண்டு வாய்க்கால்.
திரவமாய்ப் போவது பாதி ஆவியாய் வெளியே வரும்.
கொதித்துக்கொண்டிருக்கும்வரை பயமில்லை:
கொதிப்பது சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும்,
முகத்தில் காட்டாது.
உள்ளுறை வெப்பம்.
பத்தாம் வகுப்பில் இரண்டு மதிப்பெண்.

ஏழாவதுதான் வம்பு.
காமிராவில் மெதுவாக்கிப் பார்த்தோம்.
ஒரு குமிழி சுவருக்குச் சுவர் அடைத்து
முன்னால் போகாமல்
வந்த வழியே வீங்குகிறது.
ஏழின் பங்கு ஆறுக்கும் எட்டுக்கும் போகிறது.
ஏழு காய்கிறது.
எழுபது. தொண்ணூற்றாறு. நூற்று நாற்பது.
ஷம்சீரா சுவிட்சைத் தட்டுமுன்
கருகல் வாசம். மூன்றாவது சில்லு.

பம்ப்பை ஏற்றச் சொன்னார் ரகுநந்தனன் சார்.
ஏற்றினோம்.
நாலாவது சில்லு.

எங்கள் கொழிஞ்சாம்பாறையில்
ஆளியாற்றுத் தண்ணீர் திறக்கும் நாளில்
கடைமடைக்காரர்கள் போடும் சண்டையைச்
சொல்லிக்கொண்டிருந்தேன்.
அவள் கேட்டாளா, தெரியாது.
"வாயைச் சுருக்கலாம்" என்றாள்.
"எல்லாத்துக்கும். ஒருபோலெ."

ஊசித்துளை அளவுக்குச் சுருக்கினாள்.
உள்ளே போவது குறைந்தது;
குமிழிக்குப் பின்வாங்க இடமில்லை.
ஒன்பது மணி நேரம்
வரைகோடு அறுபத்தெட்டில் படுத்துக் கிடந்தது,
எங்கள் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது.

திங்கட்கிழமை அறிக்கை வந்தது:
பம்ப் வேகத்தைத் திருத்தியதால் சீரானது. கீழே ர.ந.
ஷம்சீரா இரண்டு தரம் வாசித்தாள்.
முகத்தில் ஒன்றுமில்லை.

தொட்டுப் பார்க்க
எனக்குத் தைரியம் வரவில்லை.