மூழ்குகிறவன் முறை

இன்று யமாண்டு மூழ்க வேண்டும்,
நான் மீட்க வேண்டும்.
ரோச்சா கரையில் அக்டோபர்த் தண்ணீர்.
பல் கிட்டிப்போகிறது.

"நிஜமாகவே பிடி" என்று கத்துகிறாள் கிரசியேலா,
"சாகப்போகிறவனுக்கு நீ ஆளில்லை, கட்டை."

பிடித்தான்.
என் தோளைப் படியாக்கி ஏறினான்.
முகத்தில் மாத்தே கசந்த மூச்சு,
பிறகு உப்பு,
பிறகு எதுவுமில்லை.

சொல்லித் தந்தபடி கீழே போனேன்.
அவன் வர விரும்பாத திசை அது ஒன்றுதான்.
கை விட்டது.
பின்பக்கம் எழுந்து தாடையைத் தாங்கி
கரைவரை இழுத்தேன்.
மணலில் கிடந்து சிரித்தான்.
மூன்று விநாடி மிச்சம், தேறினேன்.

இரவு, விடுதிக் கண்ணாடியில்
தோளில் ஐந்து நகக்குறி.
நான்கு லேசானவை.
கட்டைவிரலுடையது ரத்தம் கட்டியிருக்கிறது:
அந்த இடத்தில் அவன் நடிக்கவில்லை.

நாளை என் முறை.
விளக்கடியில் உட்கார்ந்து
நகம் வெட்டிக்கொண்டிருக்கிறேன்,
ஒட்ட.