மற்றவை

ஜெலுத்தோங் அடுக்குமாடி, ஒன்பதாம் தளம்.
வகுப்பிலேயே பதினோரு பேர்தான்;
இந்த நடைபாதை எனக்கும் ஹுய் மின்னுக்கும்.
டார்ச், சொட்டுக்குழாய், படிவம்.

பூந்தொட்டித் தட்டு: இல்லை.
வாளி: நான்கு புழு.
"தண்ணி எப்ப நிக்கும்னு யாருக்குத் தெரியும்,
பிடிச்சுத்தானே வைக்கணும்?"
அதற்குக் கட்டம் இல்லை.

பதினேழாம் வீடு பூட்டு.
பூட்டிய வீடு கணக்கில் சேராது;
தேர்வில் இரண்டு மதிப்பெண் கேள்வி அது.
வாசலில் பள்ளிச் சப்பாத்து, கறுப்பு, ஒற்றை.
சாரல் நிறைந்திருந்தது.
வெளிச்சம் அடித்தேன்.
நெளிந்து நெளிந்து
குதிகாலுக்கு இறங்கின.

ஹுய் மின் படிவத்தைப் புரட்டினாள்.
'மற்றவை'யில் ஒன்று என்று எழுதினாள்.
நான் கவிழ்த்து, சுவரில் சாய்த்து வைத்தேன்.

"இன்னொரு கால்?" என்றாள்.

பதினெட்டாம் கதவைத் தட்டிவிட்டு
இருவரும் அந்தப் பூட்டையே பார்த்துக்கொண்டு நின்றோம்.