தோற்றவர்க்கும் வேலை கொடுக்க வேண்டும்

கொக்குவிலில் ரியூசன் சென்ரர் மேல்மாடி.
ஞாயிறு இரண்டு மணிக்கு இரசாயனம் முடிந்தால்
அறை எங்களுடையது.
வெண்பலகையில் கிடந்த பென்சீன் வளையத்தை
நான் அழிக்கவில்லை. அதைத் தீக்குழி ஆக்கி
சுற்றிப் பெரிதாய் இன்னொரு வட்டம் போட்டேன்.
மணல், மதில், நாலு வாசல்,
பன்னிரண்டாயிரம் பேருக்கு இருக்கை.

கீழே மேசையில் அதே வட்டம், சோக்கில்.
எட்டு வீரருக்கு எட்டுச் சோடாமூடி.

றெஜினோல்ட் முதல் சுற்றிலேயே செத்தான்.
மூன்று வாரம் இருந்து எழுதின ஆள்:
முதலைத்தோல் மாறன்.
தகப்பன் எப்படிப் போனான்,
எந்தத் தெய்வத்தில் கோபம்,
எந்தக் காலில் பழைய காயம்,
எல்லாம் ஒற்றைத்தாளில் இரண்டு பக்கம்.
இருபது முகப் பகடை
ஒன்றைக் காட்டிவிட்டு நின்றது.
மணிக்கூட்டைப் பார்த்தேன். ஏழு நிமிடம்.
அவனுக்கு பஸ் ஐந்தரைக்கு.

எதிரியின் பலம், கவசத்தின் எண்,
சிங்கம் எத்தனை அடி பாயும்,
எல்லாம் கொப்பியில் வைத்திருந்தேன்.
வெட்டுப்பட்டவன் பின்னேரம் முழுக்க
என்ன செய்வான் என்பதை எழுதவில்லை.

அவன் போனைப் பார்த்தான்.
மின்விசிறியைப் பார்த்தான்.
மிக்சர் பைக்குள் கடலையை மட்டும் பொறுக்கினான்.

“நீ இனிச் சனமடா” என்றேன்.
“கிழக்குப் படி முழுக்க நீதான். மூவாயிரம் பேர்.
பிடிச்சவனுக்குத் தண்ணிப்பை எறி,
பிடிக்காதவனுக்குக் கல்.
ரெண்டுக்கும் பகடை உண்டு.”

அதுதான் நான் விட்ட பிழை.

முதலில் வெட்கத்தோடு ‘ஊ’ என்றான்,
பரீட்சை மண்டபத்தில் இருமுகிறவன் மாதிரி.
பிறகு ஆர்த்திகன் தோற்று மேற்குப் படிக்குப் போனான்.
தர்மிகா தெற்குக்கு.
கபிலாஷ் செத்த கையோடு கல்லுக் கேட்டான்.
சண்டை பிடிக்கும்போது
கணக்குப் பார்த்துக் கணக்குப் பார்த்து அடித்த பிள்ளைகள்
சனமானதும் கதிரையில் ஏறி நின்றார்கள்.
நான் வளர்த்த சிங்கத்துக்கு
அவ்வளவு பசி இல்லை.

இறுதிச் சுற்று. யதுர்சனின் செம்பருந்து, இரட்டை வாள்.
எதிரில் துவாரகியின் பேர் வைக்காத பெண்,
கையில் ஒரு வீச்சுவலை மட்டும்.
“வலை எறியிறன்” என்றாள்.
மூவாயிரம் பேர் கிழக்கில் இருந்து பாய்ந்தார்கள்:
“அப்பிடி எறியேலாது!
ஈயத்தைப் பல்லிலை கடி, இடுப்பைத் திருப்பு,
பிறகு விடு!”
பாசையூர்ப் பெடியன். விதிப்புத்தகம் அவனுக்கு முன் என்ன?
இரண்டு புள்ளி கூட்டிக் கொடுத்தேன்.
பதினேழு.
செம்பருந்து வலைக்குள் புரண்டு
பென்சீனின் விளிம்பில் கிடந்தான்,
உயிர் ஒரு புள்ளி.

“கொல்லு!” ஆறு பேர். பன்னிரண்டாயிரம் பேர்.
அரசனும் நான்தான். கட்டைவிரல் என்னுடையது.
அதை நீட்டப் போக,
தாதியர் கல்லூரி இரண்டாம் வருடம் துவாரகி கேட்டாள்:
“வலைக்குள்ளை அவனுக்கு மூச்சு வருதோ?”

கொப்பியைப் புரட்டினேன்.
அப்படி ஒரு எண் என்னிடம் இல்லை.

கீழே இருந்து விளக்குமாற்றுப் பிடியால்
யாரோ சீலிங்கில் இடித்தார்கள். காவல்கார ஐயா:
“தம்பியவை, ஆரையடா அங்கை கொல்லுறியள்?”

ஒருவரும் பதில் சொல்லவில்லை.
மின்விசிறி மட்டும்.
அந்தச் சத்தமில்லாமையில்
கிழக்குப் படி கதிரையால் இறங்கி வந்தது,
மூவாயிரமும் ஒரே ஆளாய்:
“அறுக்காதை. அறுத்தால் வலை போச்சு.
காலடியிலை இருந்து சிக்கெடு.”

எடுக்கச் சொன்னேன். சுற்றுக்கு ஒரு எறி.
ஒன்பது. நாலு. பதினொன்று.
கல் எறிய உரிமை இருந்தும்
எவரும் பகடையைத் தொடவில்லை.
யதுர்சன் மூடியில் விரலை வைத்தபடி இருந்தான்.
அவன் கையில் வாள் இன்னும் இருக்கிறது என்று
எல்லோருக்கும் தெரியும். நானே எழுதி வைத்திருந்தேன்.

கடைசி முடிச்சு ஐந்து முப்பத்தைந்துக்கு அவிழ்ந்தது.
“எழும்பினதும் என்னடா செய்வாய்?”
யதுர்சன் சொல்லவில்லை.
வாசலில் குனிந்து
செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான்.
பன்னிரண்டாயிரம் பேரும்
பஸ்ஸை விட்டுவிட்டார்கள்.